நீல வெளிச்சத்தில் சிவக்கும் கட்டி: மூளை அறுவை சிகிச்சைக்கு முன் குடிக்கும் மருந்து

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, எடை 78 கிலோ. மூளையில் இருப்பது கிளையோபிளாஸ்டோமா என்ற வீரியமான புற்றுக்கட்டியாக இருக்கலாம் என்று எம்.ஆர்.ஐ. பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுத்து, கட்டியை ஒளிரவைத்து அறுவை சிகிச்சை செய்வார்களாம். இரண்டு குப்பி வாங்கச் சொல்கிறார்கள், விலை அதிகம். இது தேவைதானா? நாங்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: இரண்டு குப்பி என்பது சரியான கணக்குதான். அந்த மருந்து 5-ஏஎல்ஏ, அதாவது அமினோலெவுலினிக் அமிலம். கிலோவுக்கு 20 மில்லிகிராம் தர வேண்டும். ஒரு குப்பியில் 1.5 கிராம் பொடி இருக்கும். 75 கிலோ எடை வரைதான் அது போதும். 78 கிலோவுக்கு 1,560 மில்லிகிராம் ஆகிறது. அதனால் பணம் கட்டுவதற்கு முன் மருத்துவமனைத் தராசில் அப்பாவை ஒருமுறை நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் சொன்ன எடையையே சீட்டில் எழுதியிருந்து, உண்மையில் அவர் 74 கிலோ என்றால் ஒரு குப்பி போதும்.

தேவையா என்ற கேள்விக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஜெர்மனியில் வால்டர் ஸ்டும்மர் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், எம்.ஆர்.ஐ.யில் சாயம் ஏறித் தெரியும் கட்டி முழுவதையும் எடுக்க முடிந்தது இந்த மருந்து குடித்தவர்களில் 65 சதவீதம் பேருக்கு; வழக்கமான வெள்ளை வெளிச்சத்தில் 36 சதவீதம் பேருக்கு. ஆறு மாதம் வரை நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் 41 சதவீதம், மற்ற குழுவில் 21 சதவீதம். மொத்த ஆயுட்காலத்தில் மட்டும் அந்த ஆய்வு தெளிவான வித்தியாசம் காட்டவில்லை. செலவைப் பற்றி முடிவெடுக்கும்போது இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே பாருங்கள். ஐரோப்பாவில் 2007-லும் அமெரிக்காவில் 2017-லும் மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம் என்ற பொருளை நம் செல்கள் பல படிகளில் தயாரிக்கின்றன. அப்பா குடிக்கும் 5-ஏஎல்ஏ அதற்கான மூலப்பொருள். கடைசிப் படியில் இரும்பு சேர வேண்டும். வீரியமான கிளையோமா (கிளையோபிளாஸ்டோமாவும் சேர்ந்த மூளைக்கட்டி வகை) செல்களில் அந்தப் படி மந்தமாக நடப்பதால், அதற்கு முந்தைய பொருளான புரோட்டோபார்ஃபைரின் தேங்குகிறது. சுமார் 400 நானோமீட்டர் நீல வெளிச்சம் பட்டால் அது 635 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிரும். கட்டியின் உடல் அடர் சிவப்பாகவும், மூளைக்குள் பரவும் ஓரம் இளஞ்சிவப்பாகவும், நல்ல மூளை நீலமாகவும் தெரியும். மண்டையைத் திறந்து கட்டியை எடுக்க எடுக்க மூளை இடம் நகரும், எம்.ஆர்.ஐ. வரைபடத்தை வைத்து வழிகாட்டும் கருவி அப்போது தடுமாறும். இந்த ஒளிர்வோ அந்த நிமிடத்தில் இருப்பதைக் காட்டும். இதன் பெரிய பலமே அதுதான்.

நேரம் முக்கியம். ஒரு குப்பிப் பொடியை 50 மில்லி குடிநீரில் கரைத்து, மயக்க மருந்துக்கு சுமார் 3 மணி நேரம் முன்பு (2 முதல் 4 மணி நேரத்துக்குள்) குடிக்க வேண்டும். 78 கிலோவுக்கு 52 மில்லி. ஒளிர்வு உச்சத்துக்கு வர ஆறு மணி நேரம் போல ஆகும், அதற்குள் மண்டை திறக்கும் வேலை முடிந்திருக்கும். தியேட்டர் பட்டியல் தள்ளிப்போய் 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் அன்றைக்குச் செய்யக் கூடாது. வேறு நாளில் மறுபடி மருந்து குடித்துத்தான் தொடங்க வேண்டும். அந்த நிலையில் இன்னும் இரண்டு குப்பி வாங்க நேரும். ஆகவே அப்பாவின் பெயர் பட்டியலில் முதலில் இருக்கிறதா என்று முந்தைய நாளே கேளுங்கள்.

தியேட்டருக்குள் ஏமாற்றும் விஷயங்களும் உண்டு. மேலே ரத்தம் படர்ந்தால் அடியில் இருப்பது ஒளிராது. மூளையின் மடிப்பு மேலே கவிந்திருந்தால் வெளிச்சம் உள்ளே போகாது. ஒளிர்வு மேற்பரப்பில் மட்டுமே தெரியும். மைக்ரோஸ்கோப்பின் விளக்கு பழசாகியிருந்தால் சிவப்பு மங்கும். நீல வெளிச்சத்தில் நீண்ட நேரம் வைத்தாலும் நிறம் வெளுக்கும், அதனால் வெள்ளையும் நீலமுமாக மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். கட்டியின் நடுவில் செத்துப்போன பகுதி ஒளிராது. வீரியம் குறைந்த கட்டி பெரும்பாலும் ஒளிராது. மாறாக, அழற்சி உள்ள திசுவும் முன்பு கதிர்வீச்சு பட்ட இடமும் கட்டி இல்லாமலே சிவக்கலாம்.

சிவந்ததையெல்லாம் வெட்டிவிடவும் முடியாது. பேச்சுக்கும் கை காலுக்குமான பகுதியில் சிவப்பு தெரிந்தால், நரம்பைத் தூண்டிப் பார்த்து டாக்டர் அங்கே நிறுத்துவார். ‘ஏன் மிச்சம் வைத்தீர்கள்’ என்று பிறகு வருந்தாமல், எந்த இடத்தில் நிறுத்துவீர்கள் என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

மருந்து குடித்தபின் தோலும் கண்ணும் வெளிச்சத்துக்குக் கூசும். 24 முதல் 48 மணி நேரம் நேர் வெயிலும் பளிச்சென்ற விளக்கும் வேண்டாம். ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். சன்ஸ்கிரீன் இதற்குப் போதாது, ஏனென்றால் கெடுப்பது புறஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும்தான். டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின், சல்ஃபா வகை மாத்திரைகள் ஏதாவது சாப்பிடுகிறாரா என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அவையும் வெளிச்ச ஒவ்வாமையைக் கூட்டும். போர்ஃபைரியா (ஹீம் தயாரிப்பில் உள்ள கோளாறு) நோய் இருந்தால் இந்த மருந்தே கூடாது. கல்லீரல் நொதிகள் சில நாள் ஏறும், ரத்த அழுத்தம் இறங்கலாம். இருதய நோய் இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

விலை கட்டுப்படியாகாவிட்டால், கண் பரிசோதனையில் பயன்படும் ஃப்ளூரசீன் சோடியம் இருக்கிறது. கிலோவுக்கு சுமார் 5 மில்லிகிராம் ரத்தக் குழாய் வழியாகச் செலுத்தி, மஞ்சள் வடிகட்டியுடன் பார்ப்பார்கள். விலை மிகக் குறைவு. ஆனால் அது செல்லுக்குள் தேங்குவதில்லை, ரத்தக் குழாய் கசியும் இடத்தில் தேங்கும். எனவே கட்டியைச் சுற்றிய வீக்கத்திலும் பரவிவிடும். ஒரு நாள் போல சிறுநீரும் தோலும் மஞ்சளாகத் தெரியும், பயப்பட வேண்டாம். அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம்.

எந்த மருந்தாக இருந்தாலும், அறுவை சிகிச்சை முடிந்த 72 மணி நேரத்துக்குள் சாயம் செலுத்தி ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எடுத்தால் காயம் ஆறும் திசுவும் சாயத்தை ஏற்று, மிச்சக் கட்டி எது என்று பிரித்தறிவது கடினமாகிவிடும்.