யூடியூப்காரர் பேர் பொறித்த கத்தி: வாங்கலாமா, விடலாமா?

மடக்குக் கத்தி பற்றி யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று போன வாரம் சும்மா சொல்லி வைத்தேன். இவ்வளவு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. அதிலும் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வீடியோவில் விமர்சனம் செய்கிறவர்கள், அவர்கள் பேரில் வரும் லிமிடெட் எடிஷன் கத்திகள். என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் 26 வருடம் தோல் வெட்டியவன். கொல்லனும் இல்லை, உலோகவியல் படித்தவனும் இல்லை. மடக்குக் கத்திப் பைத்தியம் பிடித்து 11 வருடம் ஆகிறது.

கேள்வி (குடியாத்தம்): அண்ணா, நான் தினமும் பார்க்கும் ஒரு அமெரிக்க விமர்சகர் பேரில் நம்பர் போட்ட கத்தி வருகிறது. 500 பீஸ்தான் என்கிறார்கள். சாதாரண மாடலைப்போல இரண்டு மடங்கு விலை. நாளைக்குள் முடிவு செய்ய வேண்டும். வாங்கிடவா?

பதில்: தம்பி, "நாளைக்குள்" என்ற அந்த வார்த்தையைத்தான் உங்களுக்கு முதலில் விற்றிருக்கிறார்கள். கத்தி அப்புறம்தான்.

சாதாரண மாடலையும் இதையும் பக்கத்தில் வைத்து நாலு விஷயம் பாருங்கள். எஃகு மாறியிருக்கிறதா, அலகின் கனமும் சாய்வும் மாறியிருக்கிறதா, லாக் மாறியிருக்கிறதா, பிடி உங்கள் கைக்கு வேறு மாதிரி உட்காருமா. நாலும் அப்படியே இருந்து, பிடியின் நிறமும் பேரும் மட்டும் மாறியிருந்தால் நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் அந்தப் பேருக்கு. கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை, எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். எஃகு மாறியிருக்கிறது என்று எழுதியிருந்தாலும் உஷார். எம்390, 20சிவி, 204பி மூன்றும் மூன்று கம்பெனிகள் வைத்த பேர், உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். "எம்390-லிருந்து 20சிவிக்கு மாற்றினோம்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

நானும் மாட்டியிருக்கிறேன். தீபாவளி போனஸில் ஒரு விமர்சகர் பேர் பொறித்த கத்தி வாங்கினேன், மூன்று இலக்க நம்பர், வெல்வெட் பை, கையெழுத்துப் போட்ட அட்டை, எல்லாம் இருந்தது. நாலாம் நாள் அட்டைப்பெட்டி வெட்டும்போது கூர் மழுங்கியது, அது கூடப் பரவாயில்லை. பிறகுதான் தெரிந்தது, அதே தொழிற்சாலை அதே கத்தியை இரண்டு வருடத்துக்கு முன்பே வேறு பேரில், வேறு பிடி போட்டு, கிட்டத்தட்ட பாதி விலைக்கு விற்றிருக்கிறது. "நானே பேப்பரில் வரைந்தேன்" என்று அந்த மனிதர் வீடியோவில் சொல்லியிருந்தார். அவர் வரைந்தது பாக்கெட்டில் மாட்டும் கிளிப்பை மட்டும்தான் போலிருக்கிறது.

கேள்வி (சத்துவாச்சாரி): அப்போ லிமிடெட் எடிஷன் எல்லாமே ஏமாற்று வேலையா?

பதில்: இல்லை சார். ஸ்பைடர்கோ என்ற அமெரிக்கக் கத்திக் கம்பெனி "ஸ்பிரிண்ட் ரன்" என்று விடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்திப்போன மாடலைக் கொஞ்சமாகத் திரும்பச் செய்வார்கள், அல்லது ஓடிக்கொண்டிருக்கும் மாடலில் வேறு எஃகு போட்டு விடுவார்கள். அவர்களுடைய பாரா மிலிட்டரி 2 மாதிரி ஒரே கத்தி பல எஃகில் வந்திருப்பதால், இரண்டை வைத்து வெட்டிப் பார்த்தால் எஃகின் வித்தியாசம் கையிலேயே தெரிந்துவிடும். அங்கே கொடுக்கும் பணத்துக்குப் பொருள் இருக்கிறது. விக்டோரினாக்ஸ் வருடா வருடம் அலாக்ஸ் என்ற அலுமினியப் பிடியில் புது நிறம் ஒன்று விடுகிறது, அதில் நிறம்தான் விசேஷம் என்று அவர்களே சொல்லித்தான் விற்கிறார்கள். நிறம் பிடித்தால் வாங்கலாம். நிறத்தை விற்றுவிட்டு "கனவு நனவானது", "சமரசமே இல்லை" என்று பேசுகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு எரிச்சல்.

கேள்வி (ஆம்பூர்): பாய், விமர்சனம் பண்றவர் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறாரா, மனசாரப் பேசுகிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சட்டம் முதலில். நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. காசு வாங்கினால் மட்டும் அல்ல, இலவசமாகப் பொருள் வாங்கினாலும், தள்ளுபடி கிடைத்தாலும், அந்தக் கம்பெனியில் சொந்தக்காரர் இருந்தாலும் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வீடியோ என்றால் வீடியோவுக்குள்ளேயே, பேசும் மொழியிலேயே. கீழே நாற்பது லிங்க்குக்கு நடுவில் ஒளித்து வைத்தால் செல்லாது. ஏமாற்று விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. வெளிநாட்டு விமர்சகர்களுக்கு அவர்கள் ஊர்ச் சட்டம்.

ஆனால் பாய், காசு வாங்குகிறவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்றும் நினைக்காதீர்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. அடுத்த கத்தியும் இலவசமாக வர வேண்டும், லிங்க் வழியாக விற்றால் கமிஷன் வர வேண்டும், அதனால் குறையைச் சொல்லும்போது குரல் தானாகத் தணிந்துவிடும். "எனக்குப் பிரச்சினை இல்லை, சிலருக்கு இருக்கலாம்" என்பார்கள். அந்த "சிலர்" நீங்களும் நானும்தான்.

நான் செய்யும் சோதனை ஒன்று சொல்கிறேன். உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு வருடமாகப் புழங்கும் கத்தி ஏதாவது இருக்கும் இல்லையா, அதற்கு அந்த விமர்சகர் போட்ட வீடியோவைத் தேடிப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த குறைகளை அவர் சொன்னாரா? லாக் ஒட்டிக்கொள்வது, கிளிப் உள்ளங்கையில் குத்துவது, அலகு மூடும்போது ஒரு பக்கம் சாய்வது, இதில் ஒன்றையாவது தொட்டாரா? தொட்டிருந்தால் அவர் பேச்சை அடுத்த கத்திக்கும் நம்பலாம். வெறும் "சூப்பர் ஃபிளிப்பர் ஆக்‌ஷன்" என்று அலகைத் தட்டித் திறக்கும் டிக் டிக் சத்தம் மட்டும் கேட்கவைத்திருந்தால், அவரைப் பொழுதுபோக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படி நாலைந்து பேரைப் பார்ப்பேன், சாப்பிடும்போது.

கேள்வி (வாணியம்பாடி): பேப்பரை சர்ரென்று கிழிக்கிறதே, அது நல்ல கத்தி என்பதற்கு அடையாளம்தானே?

பதில்: பேப்பர் கிழிவது தொழிற்சாலையில் கடைசியாகச் சாணை பிடித்தவருக்குக் கொடுக்க வேண்டிய சான்றிதழ். நம் அரிவாள்மணையும் கிழிக்கும். ஒரு கட்டு அட்டைப்பெட்டி வெட்டிய பிறகு கிழிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (காட்பாடி, ஹாஸ்டல் மாணவர்): சார், எனக்கு பட்ஜெட் கம்மி. எல்லா வீடியோவிலும் எம்390, மேக்னாகட் எஃகுதான் என்கிறார்கள். டி2, 14சி28என் எல்லாம் குப்பை என்கிறார்கள். உண்மையா?

பதில்: குப்பை என்று சொன்னவரிடம் அவர் எத்தனை தடவை அந்தக் கத்தியைச் சாணை பிடித்தார் என்று கேளுங்கள் தம்பி.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் கத்தி பழைய ரம்பத் தகட்டில் செய்தது, பேரும் கிடையாது, நம்பரும் கிடையாது. தாள்போல மெல்லிசு. தோல் ஓரத்தைச் சீவும்போது வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வரும். அதே சமயம் கம்பெனி வாங்கிக் கொடுத்த இறக்குமதிக் கத்தி கட்டியாக இருந்ததால் தோலைப் பிளந்துகொண்டு போகும். எஃகு எதுவானாலும் கருக்குக்கு, அதாவது வெட்டும் ஓரத்துக்கு, பின்னால் அலகு கனமாக இருந்தால் வெட்டாது, மெல்லியதாக இருந்தால் வெட்டும். இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் கேட்ரா என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அவர்கள் இயந்திரத்தில் மணல் கலந்த அட்டையைத் திரும்பத் திரும்ப வெட்டி, கூர் எவ்வளவு வெட்டுக்குத் தாங்குகிறது என்று அளப்பார்கள். மேக்னாகட்டை வடிவமைத்த லாரின் தாமஸ் அந்த இயந்திரத்தில் நிறைய எஃகுகளைச் சோதித்து எழுதியிருக்கிறார். கோணத்தைக் குறைத்தாலே கூர் நிற்கும் அளவு பல மடங்கு கூடுகிறது என்பது அதில் தெளிவாக வருகிறது. மேக்னாகட்டை உண்டாக்கியவரே அப்படிச் சொல்கிறார், வீடியோக்காரர் எஃகின் பேரை மட்டும் சொல்கிறார்.

இன்னொன்று, பதம். கொல்லர் உலையிலிருந்து எடுத்து எப்போது தண்ணீரில் விடுகிறார், பிறகு எவ்வளவு சூட்டில் இளக்குகிறார் என்பதில்தான் கத்தியின் உயிரே இருக்கிறது. பெரிய தொழிற்சாலையிலும் அதே கதை. எம்390-ஐ ராக்வெல் என்ற கடினத்தன்மை அளவில் 61-க்குப் பதம் செய்தால் ஒரு கத்தி, அவசரத்தில் 58-இல் விட்டால் வேறு கத்தி. பெட்டியில் இரண்டுக்கும் ஒரே பேர். டி2 நன்றாகக் கூர் நிற்கும், ஆனால் முழு ஸ்டெயின்லெஸ் இல்லை, எலுமிச்சை அரிந்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால் புள்ளி விழும். 14சி28என் எளிதில் துருப்பிடிக்காது, சாணை சுலபம். ஹாஸ்டலுக்கு அது போதும் தம்பி, மிச்சக் காசுக்கு ஒரு நல்ல கல் வாங்குங்கள்.

கேள்வி (ஆரணி): டிவியில் காட்டுக்குள் போகும் ஹீரோ பேரில் வரும் கத்தி?

பதில்: கெர்பர் கம்பெனி, பியர் கிரில்ஸ் பேரில் விட்ட வரிசையில் ஒரு பராங் அரிவாள், பிடி அருகே உடையும் ஆபத்து இருப்பதாக 2012-இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. பேர் பெரியதாக இருப்பதால் இரும்பு கெட்டியாகிவிடாது. அவ்வளவுதான்.

கேள்வி (ஆற்காடு): அலகு முழுக்க அலை அலையாக டமாஸ்கஸ் கோடு போட்ட லிமிடெட் எடிஷன் பார்த்தேன். "பழங்கால டமாஸ்கஸ் ரகசியம்" என்று விமர்சகர் சொன்னார்.

பதில்: ரகசியம் இருந்தது நம் பக்கம் ஐயா. பழைய டமாஸ்கஸ் வாள்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய எஃகு. ஆங்கிலத்தில் "வூட்ஸ்" என்கிறார்களே, அது கன்னட "உக்கு", நம் "உருக்கு" இவற்றோடு ஒட்டிய சொல். அதில் கோடு எஃகுக்குள்ளேயே தானாக விளைவது. இன்று விற்பது பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கி, காய்ச்சி அடித்து, மடித்து, அமிலத்தில் முக்கிக் கோடு வரவழைப்பது. அதுவும் நல்ல கைவேலைதான், கேவலம் இல்லை. ஆனால் மலிவான சிலவற்றில் கோட்டை லேசரில் வரைந்து விடுகிறார்கள். மேலாகச் சாணை பிடித்ததும் கோடு அழிந்துபோய் அமிலத்தில் திரும்ப வராவிட்டால் அது கோலம்தான்.

கேள்வி (திருப்பத்தூர்): சட்டப்படி பையில் வைத்துக்கொள்ளலாமா? பயமாக இருக்கிறது.

பதில்: ஆயுத விதிகள் 2016-இல் ஆயுதம் என்று எண்ணப்படுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவை சேராது. சாதாரண மடக்குக் கத்தி அதில் பாதி கூட வராது. ஆனாலும் பட்டன் அமுக்கினால் பாயும் கத்தி வேண்டாம், டெல்லி மாதிரி இடங்களில் அதற்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. விமானத்தில் கைப்பையில் கூடாது. கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ், கோயில் கூட்டம், இங்கெல்லாம் சட்டம் பேசிக்கொண்டிருக்காமல் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி (தொரப்பாடி): அண்ணா, என் வீட்டுக்காரர் இந்தப் பைத்தியத்தில் மாதம் ஒன்று வாங்குகிறார். எனக்கு பஸ்ஸில் போகும்போது பழம் நறுக்க ஒன்றே ஒன்று வேண்டும். எதை வாங்க?

பதில்: ஒபினெல் 8-ஆம் நம்பர், இனாக்ஸ் (ஸ்டெயின்லெஸ்) என்று போட்டது. பிரான்சில் 1890-லிருந்து கத்தி செய்யும் கம்பெனி, இதன் அலகு எட்டரை சென்டிமீட்டர், திறந்ததும் வளையத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். மெல்லிய அலகு, மாம்பழத்துக்கு அருமை. மரப்பிடி, தண்ணீரில் ஊறவிடாதீர்கள் அக்கா, ஊறினால் உப்பிப்போய்த் திறக்க வராது. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு மட்டும் அரிவாள்மணையிடமே போங்கள். அப்புறம், உங்கள் வீட்டுக்காரரிடம் என் பேரைச் சொல்லாதீர்கள்.

கேள்வி (வேலப்பாடி): தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் நல்ல கத்தியைக் கொடுக்கலாமா?

பதில்: அரிவாள்மணைக்குக் கொடுங்கள், மடக்குக் கத்திக்கு வேண்டாம். அவர் கையில் தப்பு இல்லை, சக்கரத்தின் சூட்டில்தான் தப்பு. கருக்கு நீலம் பாய்ந்தால் 300 டிகிரி தொட்டுவிட்டது என்று அர்த்தம், பல எஃகில் அங்கே பதம் போயிற்று. எஸ்90வி மாதிரி வனேடியம் நிறைய உள்ள எஃகு என்றால் சாதாரணக் கல்லே ஏறாது, வைரத் தகடு வேண்டும். இதையெல்லாம் எந்த லிமிடெட் எடிஷன் வீடியோவிலாவது பார்த்தீர்களா? கல்லில் தேய்த்துவிட்டுக் கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் இருபது தடவை இழுங்கள். தோலுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா என்ன.

கேள்வி (பேர்ணாம்பட்டு): என்னிடம் ஒரு விமர்சகர் எடிஷன் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. விலை ஏறும் என்று வைத்திருக்கிறேன். விற்கவா?

பதில்: அந்த விமர்சகர் இன்னும் வீடியோ போடுகிறாரா? போட்டால் இப்போதே விற்றுவிடுங்கள், அடுத்த எடிஷன் வந்தால் இது பழசு. நிறுத்திவிட்டார் என்றால் வாங்க ஆள் தேடுவது கஷ்டம், பெட்டியைப் பிரித்து ஒரு தேங்காய் நார்க் கயிறு வெட்டிப் பாருங்கள். எப்படி இருந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.