இரண்டு நிமிடத்திலேயே மூச்சு வாங்குகிறதே, டாக்டர்!

கேள்வி: நான் 37 வயதுப் பெண். உட்கார்ந்தே பார்க்கும் வேலை. இரண்டு குழந்தைகள்; சின்னவளுக்கு 4 வயது. சர்க்கரை, இரத்த அழுத்தம் எதுவும் இல்லை. தினமும் அரை மணி நேரம் வேகமாக நடப்பேன், அதில் சிரமம் இருந்ததில்லை. மூன்று வாரமாக ஓடிப் பழகுகிறேன். இரண்டு நிமிடம் தாண்டுவதற்குள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட்வாட்ச் நாடித்துடிப்பு 172 என்று காட்டிப் பயமுறுத்துகிறது. கொஞ்ச நாளாக முன்னங்கால்களும் (முழங்காலுக்குக் கீழே முன்பக்கம்) வலிக்கின்றன. என் நுரையீரல் பலவீனமா? மூச்சுப் பயிற்சி செய்தால் சரியாகுமா? தினமும் ஓடினால்தான் ஸ்டாமினா வருமா? இரண்டு மாதத்தில் 5 கிலோமீட்டர் ஓட முடியுமா, அல்லது இந்த வயதில் இதெல்லாம் வேண்டாத வேலையா?

பதில்: நுரையீரலைச் சந்தேகப்பட வேண்டாம். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தும் சிரமப்படாத ஒருவருக்கு நுரையீரல் பலவீனமாக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் கோளாறு வேகத்தில்தான் இருக்கிறது. புதிதாக ஓட வருகிறவர்கள் பலர், ஜாகிங் என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்ட பஸ்ஸைத் துரத்தும் வேகத்தில் ஓடுகிறார்கள். அப்படி ஓடினால் யாருக்கும் சில நிமிடங்களில் தம் போய்விடும்.

அந்த முதல் இரண்டு நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். ஓடத் தொடங்கிய நொடியிலேயே கால் தசைகளின் ஆக்சிஜன் தேவை பல மடங்கு கூடிவிடுகிறது. இதயமும் இரத்தக் குழாய்களும் அதற்கு ஈடுகொடுக்க 2 முதல் 3 நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதுவரை தசைகள் கையிருப்பில் உள்ள சக்தியை வைத்தும், ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்தும் சமாளிக்கின்றன. மூச்சு முட்டுவது போன்ற உணர்வில் ஒரு பங்கு இதனால் வருவது. பழகாத உடலுக்கு இந்த இடைவெளி இன்னும் நீளம். அதாவது உடல் சுதாரித்துக்கொள்ளத் தொடங்கும் நேரத்தில் நீங்கள் நின்றுவிடுகிறீர்கள். முதலில் 5 முதல் 10 நிமிடம் கைவீசி நடந்துவிட்டு, அந்த நடையிலிருந்தே மெதுவாக ஓட்டத்துக்கு மாறுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரக்கூடும்.

மூச்சுப் பயிற்சி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மனதை அமைதிப்படுத்த, பதற்றத்தைக் குறைக்க அது நல்லது, செய்யுங்கள். ஆனால் ஓட்ட ஸ்டாமினா அதனால் பெரிதாக அதிகரிக்காது. ஆரோக்கியமான ஒருவருக்கு ஓடும்போது தடையாக நிற்பது பெரும்பாலும் நுரையீரல் அல்ல. இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது, வந்து சேர்ந்த ஆக்சிஜனைத் தசை எவ்வளவு பயன்படுத்திக்கொள்கிறது என்ற இரண்டும்தான். இந்த இரண்டும் பயிற்சியால் மாறக்கூடியவை. தொடர்ந்து பயிற்சி செய்தால் முதல் ஓரிரு வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் அதிகமாவதால் ஒவ்வொரு துடிப்பும் கூடுதலாகத் தள்ளுகிறது. அடுத்தடுத்த வாரங்களில் தசைக்குள் சக்தியை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகும், நுண்ணிய இரத்தக் குழாய்கள் கூடும். இவற்றில் பெரும்பகுதிக்கு மெதுவான ஓட்டமே போதும். நாக்குத் தள்ள ஓடினால்தான் ஸ்டாமினா வரும் என்பது தவறான எண்ணம். அப்படி ஓடினால் பயிற்சி நேரம் இரண்டு நிமிடத்தோடு முடிந்துவிடுகிறது. உடலுக்குப் பழக நேரமே கிடைப்பதில்லை.

எவ்வளவு மெதுவாக? ஓடிக்கொண்டே பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். துணைக்கு ஆள் இல்லையென்றால் தனக்குத்தானே நாலு வரி பேசிப் பாருங்கள். யாராவது ஒருமாதிரியாகப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். தொடக்கத்தில் இந்த வேகம் உங்கள் வேக நடையை விடக் கொஞ்சமே கூடுதலாக இருக்கும், சில சமயம் அதே அளவுகூட இருக்கும். கூச்சமாக இருக்கும். பரவாயில்லை.

ஸ்மார்ட்வாட்ச் விஷயத்துக்கு வருகிறேன். 220-லிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச நாடித்துடிப்பு கிடைக்கும் என்பார்கள். உங்களுக்கு அது 183. இந்தக் கணக்கு தோராயமானதுதான். ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு வித்தியாசம் இருப்பது சகஜம், அதற்கு மேலும் இருக்கலாம். 172 என்பது உண்மையாக இருந்தால் நீங்கள் உச்சத்தில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டீர்கள் என்று பொருள். அங்கே யாரும் வெகுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. ஆனால் எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. மணிக்கட்டில் ஒளியை வைத்து நாடியை அளக்கும் கருவிகள் ஓடும்போது சில நேரம் கையின் ஆட்டத்தைத் துடிப்பு என்று எண்ணிவிடும். நிமிடத்துக்கு 160, 170 காலடி என்பது ஓடுகிறவர்களிடம் சாதாரணமாகக் காணும் எண். உங்கள் 172 காலடிக் கணக்காகவே இருக்கலாம்! நின்ற உடனே மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கிப் பாருங்கள். எப்படியும், முதல் மூன்று மாதம் பேச்சுச் சோதனையை நம்புங்கள், வாட்ச்சை நேரம் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எப்படித் தொடங்குவது? நடை, ஓட்டம், மறுபடி நடை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உலகம் முழுக்கப் பலர் பின்பற்றும் 'கவுச் டு 5கே' (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு) திட்டம் 1996-இல் வந்தது. அதிலும் முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, அவ்வளவுதான். வாரத்துக்கு 3 நாள், 9 வாரம். உங்களுக்குக் கால்வலி இருப்பதால் இன்னும் நிதானமாகப் போகச் சொல்வேன். வலி அடங்கிய பிறகு 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று 20 நிமிடம் செய்யுங்கள். ஒரு வாரம் அது சுலபமாக இருந்தால் ஓட்டத்தை ஒன்றரை, இரண்டு, மூன்று நிமிடம் என்று நீட்டலாம், நடையைக் குறைக்கலாம். கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தை மறுபடி செய்யுங்கள். கிலோமீட்டரை எண்ணாதீர்கள், நிமிடத்தை எண்ணுங்கள். தூரத்தைக் குறிவைத்தால் 'சீக்கிரம் முடித்துவிடலாம்' என்று கால் தானாக வேகம் பிடிக்கும்.

தினமும் ஓட வேண்டாம். இதற்குக் காரணம் நீங்கள் கேட்காத ஓர் இடத்தில் இருக்கிறது: எலும்பில். இதயமும் இரத்தமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைக்கு இன்னும் கொஞ்ச நாள். தசைநாணும் எலும்பும் மாதக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். புதிய சுமை விழும்போது எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டுகிறது. நடுவில் சில வாரம் அந்த இடம் முன்பைவிடக் கொஞ்சம் பலம் குறைந்தே இருக்கும். அதே சமயத்தில்தான் மூச்சு பழகி, 'அட, ஓட முடிகிறதே' என்று உற்சாகம் வரும். அந்த உற்சாகத்தில் ஒரே வாரத்தில் தூரத்தை இரட்டிப்பாக்குகிறார்கள், அப்புறம் முன்னங்கால் வலி என்று வருகிறார்கள். மூச்சு இடம் கொடுக்கிறது என்பதற்காகக் கால் இடம் கொடுத்துவிட்டதாக நினைக்கக் கூடாது. ஓடாத நாட்களில் வழக்கம்போல நடங்கள், முடிந்தால் சைக்கிள் ஓட்டுங்கள்.

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று ஒரு விதி சொல்வார்கள். அது ஒன்றும் வேதவாக்கு அல்ல. நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கிய 500-க்கும் மேற்பட்டவர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 13 வாரத்தில் மெதுவாகவும் மற்றதற்கு 8 வாரத்திலும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது. கணக்கை விட, உடம்பு என்ன சொல்கிறது என்பதைக் கவனிப்பதும், ஒரே நாளில் திடீரென்று நீண்ட ஓட்டம் ஓடாமல் இருப்பதும் முக்கியம் என்பது என் கருத்து.

உங்கள் முன்னங்கால் வலியை நீங்களே ஒருமுறை பரிசோதிக்கலாம். முன்னங்கால் எலும்பின் உட்புற ஓரமாக விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். நாலைந்து விரல் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், அது பழகாத காலுக்கு வரும் வழக்கமான வலியாக இருக்கலாம். இரண்டு முதல் நான்கு வாரம் ஓட்டத்தை நிறுத்தி, வலிக்காத அளவுக்கு மட்டும் நடந்தால் பெரும்பாலும் அடங்கும். ஒரே ஒரு புள்ளியில் சுரீரென்று வலித்தாலோ, அந்தக் காலில் குதித்தால் வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ ஓடக் கூடாது. எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது உண்டு என்பதால், 'எக்ஸ்ரே நார்மல்' என்று ஓடத் தொடங்கிவிட வேண்டாம். எலும்பு மருத்துவர் தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்.

கால் பழகுவதற்கு ஓட்டம் மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாள், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, இவை போதும். பத்து நிமிட வேலை. ஓடும்போது எட்டி எட்டிக் கால் வைக்காமல் சின்னச் சின்ன அடியாக வையுங்கள். முழங்காலில் விழும் சுமை குறையும். ஷூ போட்டவுடனே வசதியாக இருக்க வேண்டும், 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று விற்பவர் சொன்னால் வாங்காதீர்கள்.

இப்போது பரிசோதனைகள். எல்லாம் கட்டாயம் இல்லை, ஆனால் உங்கள் வயதுப் பெண்களுக்கு ஹீமோகுளோபின் பார்க்காமல் ஸ்டாமினா பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. மாதவிடாயில் போக்கு அதிகம் என்றால் இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச்சத்துக் கையிருப்பு தீர்ந்திருப்பதுண்டு. அதுவும் களைப்பைக் கொண்டுவரும். இரும்பு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். உடல் எடை, முடி உதிர்தல், சோர்வு என்று வேறு மாற்றங்களும் இருந்தால் தைராய்டு பார்க்கலாம். ஓடி நிறுத்திய பிறகு 5, 10 நிமிடத்தில் இருமலோ, மார்பில் விசில் சத்தமோ வந்தால் அது உடற்பயிற்சியால் தூண்டப்படும் மூச்சுக்குழாய்ச் சுருக்கமாக இருக்கலாம். நல்ல சிகிச்சை இருக்கிறது, ஓட்டத்தை விட வேண்டியதில்லை.

பின்வருபவை வேறு ரகம். ஓடும்போது நெஞ்சில் பாரம் வைத்தாற்போல இறுக்கம், அது தாடைக்கோ கைக்கோ பரவுதல், ஓட்டத்தின் நடுவே மயக்கம் போட்டு விழுதல், தாறுமாறான படபடப்பு. இவற்றில் ஒன்று வந்தாலும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் திடீரென்று இறந்திருந்தால், இப்போது தொந்தரவு ஏதும் இல்லாவிட்டாலும், ஓடுவதற்கு முன் இதய மருத்துவரிடம் காட்டி ஈசிஜி, எக்கோ எடுத்துக்கொள்வது நல்லது. காய்ச்சல் இருக்கும் நாட்களில் ஓடவே கூடாது.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். குழந்தை பெற்றவர்கள் பலருக்கு ஓடும்போது சிறுநீர் கொஞ்சம் கசியும். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு ஓட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தள தசைகளுக்கான பயிற்சியை முறையாகக் கற்றுக்கொண்டு சில மாதம் செய்தால் பெரும்பாலோருக்கு நன்றாகக் குறையும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பார்.

வயது பற்றி: அமெரிக்காவின் டல்லஸில் 1966-இல் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கவைத்து ஆராய்ந்தார்கள். 30 வருடம் கழித்து அதே ஐவரையும் சோதித்தபோது, 30 வருட முதுமை குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அவர்களின் ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறனை அதிகமாகக் குறைத்திருந்தது தெரிந்தது. 50 வயதில் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததும், 20 வயதில் இருந்த அளவுக்கே திரும்பினார்கள். ஐந்தே பேர்தான், எல்லோரும் ஆண்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 37 வயதை ஒரு காரணமாக என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டு மாதத்தில் 5 கிலோமீட்டர்? கால்வலி அடங்கச் சில வாரம் போய்விட்டால், மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நான்கு ஆனாலும் தப்பில்லை. நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்; மூன்று, நான்கு வாரம் விட்டுப்போனால் இரண்டு படி பின்னால் போய் ஆரம்பியுங்கள். இந்த வாரத்துக்கு வேலை: ஓட்டம் நிறுத்தம், கால் பரிசோதனை, ஒரு இரத்தப் பரிசோதனை.