எல்லா முடிவும் உங்களிடம்தான் வர வேண்டுமா? – வாசகர் கேள்வி, எங்கள் பதில்

ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்களின் களைப்பைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வடசென்னையிலிருந்து வந்தவற்றில் ஆறு இங்கே. எழுதியவரை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டோம். தொழிலக மருத்துவமும் மனநல ஆலோசனையும் தெரிந்த எங்கள் குழு பதில் சொல்கிறது.

மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் இன்சார்ஜ். எனக்குக் கீழே 34 பேர். சாப்பிட உட்கார்ந்தால் போன், படுத்தால் போன். யோகா கிளாஸ் போகச் சொன்னார்கள், போனேன். கண்ணை மூடிப் படுத்திருக்கும்போதும் போன்தான் அடித்தது. என்ன செய்ய?

யோகாவை விடாதீர்கள், ஆனால் அதை இரண்டாவதாக வையுங்கள். நாள் முழுக்க முடிவுகள் உங்கள் தலைமேலேயே வந்து விழுந்தால் மூச்சுப் பயிற்சி என்ன செய்யும்? வந்து விழுவதை முதலில் குறைக்க வேண்டும்.

ஒரு பாக்கெட் நோட்டு வாங்குங்கள். டியூட்டி முடிந்த பிறகு வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஏழு நாள் இந்த நான்கையும் எழுதுங்கள்: யார், எதற்கு, காலைவரை பொறுத்திருக்குமா, வேறு யார் முடிவு சொல்லியிருக்கலாம். வாரக் கடைசியில் பார்த்தால் மூன்று வகை தெரியும். தீ, கேஸ் லீக், ஆளுக்கு அடி, பிளான்ட் டிரிப் ஆவது (தானாக நின்றுபோவது) முதல் வகை. இவை எந்த நேரமும் வரட்டும். ஸ்பேர் வாங்கலாமா, ஓ.டி.க்கு ஆள் நிறுத்தலாமா என்று அனுமதி கேட்பவை இரண்டாவது. "சும்மா காதுல போட்டு வெச்சேன் சார்" என்பது மூன்றாவது. அதற்கு இடம் லாக் புக்.

இரண்டாம் வகைக்கு எல்லை கட்டுங்கள். உதாரணமாக, 5,000 ரூபாய் வரையிலான ஸ்பேருக்கு ஷிப்ட் சீனியரே சரி சொல்லலாம், மறுநாள் பில்லோடு உங்களிடம் காட்டினால் போதும் என்று மேனேஜரிடம் பேசி எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாகக் கொடுத்த அதிகாரத்தை யாரும் பயன்படுத்த மாட்டார்கள், பயம். ஹாட் வொர்க் பெர்மிட் (வெல்டிங் மாதிரி தீப்பொறி வரும் வேலைக்கான அனுமதி), டேங்குக்குள் இறங்கும் பெர்மிட் ஆகியவற்றை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கம்பெனி எழுத்தில் நியமித்தவரைத் தவிர வேறு யாரும் அவற்றில் கையெழுத்துப் போடக் கூடாது.

இந்த ஏற்பாடு கவிழ்வது எப்போதும் ஒரே இடத்தில்தான். சீனியர் சொந்தமாக எடுத்த முதல் முடிவு கொஞ்சம் பிசகும். நீங்கள் பத்துப் பேர் முன்னால் "யாரைக் கேட்டுப் பண்ண?" என்பீர்கள். அன்று ராத்திரியே பழையபடி போன் அடிக்க ஆரம்பித்துவிடும். தப்பு நடந்தால் தனியாகக் கூப்பிட்டு, எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்று கேளுங்கள். எல்லைக்குள் எடுத்த முடிவாக இருந்தால் வெளியில் அவர் பக்கம் நில்லுங்கள்.

அடுத்தது ஹேண்டோவர். வீட்டுக்கு வரும் அழைப்புகளில் பாதியாவது ஷிப்ட் மாறும்போது சொல்லாமல் விட்டவையாக இருக்கும், நோட்டைப் பார்த்தால் புரியும். பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். கேன்டீனில் நின்று பேசாமல் பேனல் முன்னால் பேசுங்கள். எது ஓடுகிறது, எது நிற்கிறது, எந்த இன்டர்லாக் (ஆபத்தில் மெஷினைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு) பைபாஸில், அதாவது விலக்கி வைக்கப்பட்டு இருக்கிறது, எந்த பெர்மிட் இன்னும் மூடவில்லை, நாளைக்கு யார் லீவு என்ற ஐந்தும் எழுத்தில் இருக்க வேண்டும். வருகிற ஷிப்ட்காரர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். திருப்பிச் சொல்ல வைப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "சரி சரி, போங்க" என்பதோடு முடிந்துவிடுகிறது.

இவை நிலைத்த பிறகு போனுக்கு வாருங்கள். அவசரத்துக்கு ஒரே ஒரு நம்பர், அதையும் இன்னொரு இன்சார்ஜோடு வாரம் மாற்றி வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்ஆப் குரூப்புகளை மியூட் செய்யுங்கள். முதல் நாளே போனை அணைத்தால் பயம்தான் கூடும். அதனால்தான் இது கடைசியில்.

திருவொற்றியூர் பக்கம் சி.எஃப்.எஸ். (துறைமுகக் கன்டெய்னர் சரக்கு நிலையம்) ஒன்றில் யார்டு மேனேஜர். ஞாயிறு முழுக்கத் தூங்கினாலும் களைப்பு போகவில்லை. சின்ன விஷயத்துக்கும் பையன்களைக் கத்திவிடுகிறேன். இது பர்ன்அவுட்டா, டிப்ரஷனா, சுகரா?

மூன்றையும் பார்க்க வேண்டியதுதான்.

உலக சுகாதார நிறுவனம் ஐ.சி.டி.-11 என்னும் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பர்ன்அவுட்டை நோயாகச் சேர்க்கவில்லை. சரியாகக் கையாளாத நீண்ட நாள் வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்கிறது. மூன்று அடையாளம்: சக்தி வற்றிப்போவது, வேலைமேல் ஒட்டாமையும் எரிச்சலும், "நான் செய்து என்ன ஆகப்போகிறது" என்ற எண்ணம். நான்கைந்து நாள் ஊருக்குப் போனால் பசி, பேச்சு, சிரிப்பு திரும்புகிறதென்றால் பெரும்பாலும் வேலைதான் காரணம். எங்கே போனாலும் எதிலும் பிடிப்பில்லை, விடியுமுன் விழிப்பு வருகிறது, சாப்பாடு பிடிக்கவில்லை, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் போகிறது என்றால் டிப்ரஷனா என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தும் வரும்.

அதற்கு முன் ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு மூன்று மாதச் சராசரி, பி12. பி.பி.யை வேறு வேறு நாளில் இரண்டு முறையாவது பாருங்கள். 140/90 தொட்டால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நிற்கிறதா என்று வீட்டில் கேளுங்கள். அப்படியென்றால் ஞாயிறு முழுக்கத் தூங்கியும் களைப்பு போகாததற்குக் காரணம் அங்கேயே கிடைக்கலாம். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்குப் பரவும் வலி, வியர்வை வந்தால் "டென்ஷன்" என்று சொல்லிக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1794-ல் தொடங்கி, இப்போது அயனாவரத்தில் இயங்கும் மனநல மருத்துவமனைக்கு இன்றைக்கும் சிலர் முகத்தை மறைத்துக்கொண்டு போகிறார்கள், தேவையே இல்லை. நேரில் போகத் தயக்கமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனஸ் 14416, நாள் முழுக்கத் தமிழிலும் பேசலாம். சாகலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே பேசுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

எந்த நேரத்தில் கத்துகிறீர்கள் என்று குறித்துப் பாருங்கள். கப்பலுக்குப் பெட்டி (கன்டெய்னர்) போய்ச் சேர வேண்டிய கடைசி நேரமான கட்-ஆஃபுக்கு முந்தைய சில மணி நேரத்தில்தான் என்றால் பிரச்சினை உங்கள் குணத்தில் இல்லை. ஃபார்ம் 13 (பெட்டி துறைமுகத்துக்குள் போவதற்கான படிவம்), சீல் நம்பர், எடைச் சீட்டு எல்லாம் கடைசி நிமிடத்தில் வந்து சேர்வதில் இருக்கிறது. கட்-ஆஃபுக்கு எட்டு மணி நேரம் முன்னால், எந்தப் பெட்டிக்கு எந்தக் காகிதம் வரவில்லை என்ற பட்டியலை ஒருவர் உங்கள் மேஜையில் வைக்கட்டும். ஏற்கெனவே கத்திவிட்டவர்களிடம், கத்திய அதே இடத்தில் "நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று ஒரு வரி சொல்லுங்கள். கூடவே டீ வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்ட வேண்டாம்.

காசிமேட்டில் ஐஸ் கம்பெனி நடத்துகிறேன், 11 பேர் வேலை. ஆறு வருஷமாக ஒரு நாள் லீவு இல்லை. நான் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். உங்கள் லீவு அதற்குள்தான் வர வேண்டும். மெஷின் பராமரிப்பும் அப்போதுதான் என்பீர்கள். அதை முதல் பாதியில் முடியுங்கள்.

ஆனால் நேராக ஒரு வாரம் கிளம்பாதீர்கள். முதலில் சாதாரண நாளில் அரை நாள் போனை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போங்கள். பிறகு ஒரு நாள், பிறகு மூன்று நாள். ஒவ்வொரு முறையும் எது நின்றுபோனது என்று எழுதுங்கள். கல்லாச் சாவி, பேங்க் கையெழுத்து, எலெக்ட்ரீஷியன் நம்பர், கடன் சொல்லும் கஸ்டமருக்கு எவ்வளவு வரை தரலாம் என்று பட்டியல் வரும். அந்தப் பட்டியல்தான் நீங்கள் கற்றுத்தர வேண்டிய பாடம். அம்மோனியா லீக் ஆனால் யார் வால்வை மூடுவது, எந்தப் பக்கம் ஓடுவது என்பது மட்டும் அரை நாள் சோதனைக்கு முன்பே இரண்டு பேருக்காவது பழகியிருக்க வேண்டும். நீங்கள் அங்கேயே இருந்தாலும் அதற்கு உங்களை மட்டும் நம்புவது ஆபத்து.

தூக்கம் கெடுவது கடன் தவணையால் என்றால், தடைக்கால மாதங்களுக்குத் தவணையை மாற்றித்தர முடியுமா என்று பேங்கில் மார்ச்சிலேயே கேளுங்கள். தவணை தவறிய பிறகு போனால் அதே மேனேஜர் வேறு குரலில் பேசுவார்.

பெரம்பூர். ராத்திரி ஒரு கட்டிங் போட்டால்தான் தூக்கம் வருகிறது. அளவோடுதானே, தப்பா?

மது தூக்கத்தைச் சீக்கிரம் கூட்டி வரும், ராத்திரியின் பின்பாதியில் உடைத்துவிடும். மூன்று மணிக்கு விழித்து மறுநாள் வேலையை யோசிக்கிறீர்கள் அல்லவா, அதில் இதற்கும் பங்குண்டு. தூக்க மாத்திரையோடு சேர்த்தால் மூச்சையே அடக்கிவிடக்கூடும். தினமும் அதிகமாகக் குடிக்கும் பழக்கம் பல வருஷமாக இருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், நடுக்கமும் வலிப்பும் வரலாம். டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். காபி குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதன் காஃபினில் சுமார் பாதி உடம்பில் இருக்கும். பகல் டியூட்டிக்காரர்களுக்கு மாலை நான்கு மணிக் காபியே கடைசி.

பழைய வண்ணாரப்பேட்டையில் தலைமை ஆசிரியை. எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, அறிக்கை, கூட்டம்... பாடம் நடத்தி மாதக்கணக்காகிறது. லீவு போட்டாலும் சரியாகவில்லை.

பர்ன்அவுட்டை நீண்ட காலம் ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் இருவரும் வேலையில் ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள்: பளு, கட்டுப்பாடு (வேலை எந்த அளவு நம் கையில் இருக்கிறது), பலன், சக மனிதர்கள், நியாயம், மதிப்பு (எதை முக்கியமென்று நினைக்கிறோம்). லீவு சரிசெய்வது பளுவை மட்டும். நீங்கள் எழுதியதைப் படித்தால் அடி விழுந்திருப்பது மதிப்பில். எந்த வேலைக்காக வந்தீர்களோ அது கையை விட்டுப் போயிருக்கிறது. ஆகவே வாரம் மூன்று நாள் முதல் பீரியட் உங்கள் வகுப்பு. அந்த நேரத்தில் ஆபீஸ் கதவு மூடியிருக்கட்டும். பதிவு வேலைக்கு மதியம் முக்கால் மணி நேரம், ஒரே மூச்சில். இரண்டு ஆசிரியர்களுக்குப் பழக்கி, பருவத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். வேகமாக டைப் அடிக்கிறார் என்று ஒரே ஆசிரியையிடம் தள்ளினால் அடுத்த வருஷம் அவர் எங்களுக்கு எழுதுவார்.

வீட்டில் தொடங்கும் இரண்டாவது ஷிப்டையும் கணக்கில் சேருங்கள். ராத்திரிச் சமையலோ பாத்திரமோ, ஒன்று முழுதாக இன்னொருவர் பொறுப்பாகட்டும். "உதவி" என்று கேட்டால் மேற்பார்வை உங்கள் தலையிலேயே இருக்கும்.

எண்ணூர். என் களைப்புக்குக் காரணமே என் மேலதிகாரிதான். அவரிடம் எப்படிச் சொல்வது?

1918-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய ஊர் இது. 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதாவும் எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெறப்பட்டது. சூப்பர்வைசர்கள் மட்டும் சத்தமில்லாமல் 12 மணி நேரத்துக்கு வந்துவிட்டார்கள். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொல்லின. முதலில் நான்கு வாரம் உங்கள் மணிக்கணக்கை எழுதுங்கள்.

"ரொம்ப டென்ஷன் சார்" என்று ஆரம்பித்தால் "எனக்கு இல்லையா?" என்பார், பேச்சு முடிந்துவிடும். வேலையை முன்னால் வையுங்கள்: "சார், ஆடிட், புது ஆட்களுக்கு ட்ரெயினிங், ஷட்டவுன் பிளான் மூணும் இந்த வாரம் இருக்கு. ஆடிட் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்னா ட்ரெயினிங் அடுத்த திங்களுக்குப் போகணும். எதை முதல்ல முடிக்கட்டும்?" முடிவை அவர் வாயால் வாங்குவதுதான் நோக்கம். "மூணும்தான்" என்றால் "அப்போ யாரை எனக்குக் கூடக் கொடுக்கிறீங்க?" என்று கேளுங்கள். காலை பதினொரு மணிவாக்கில் போங்கள், ஷிப்ட் முடியும் நேரத்தில் வேண்டாம். பேசி முடித்த அரை மணி நேரத்துக்குள், ஒப்புக்கொண்டதை இரண்டு வரியில் அவருக்கே மெயில் அனுப்பிவிடுங்கள்.