கேளுங்கள், சொல்கிறோம்: ஸ்கீட் சுடுதல்

கேள்வி: பழைய சுவா சூ காங் சாலைப் பக்கம் ஸ்கீட் (காற்றில் வீசப்படும் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டு) கற்றுக்கொள்கிறேன். 1ஆம் நிலையத்தில் (சுட நிற்கும் இடம்) தட்டு உடைகிறது. 4ஆம் நிலையத்தில் ஒன்றுகூட உடைவதில்லை. ஏன்?
– வாசகர், ஈசூன்

பதில்: தட்டுக்குப் பின்னால் சுடுகிறீர்கள். அநேகமாக எல்லோரும் அங்கே செய்யும் தவறுதான். 1ஆம் நிலையத்தில் உயர்கூண்டுத் தட்டு (தட்டு வீசும் இரு கூண்டுகளில் உயரமானதிலிருந்து வருவது) உங்கள் தலைக்கு மேலிருந்து விலகிப் போகிறது. நேராகச் சற்றே கீழே சுட்டால் போதும். 4இல் அது குறுக்கே, ஏறத்தாழ 20 மீட்டர் தூரத்தில் பாய்கிறது. ஈயக்குண்டுகள் போய்ச் சேர்வதற்குள் தட்டு ஒரு மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். அந்த இடைவெளியை முன்னால் விட்டுச் சுட வேண்டும்.

இடைவெளி தெரிந்தும் தவறுகிறதா? அதை அளக்கக் குழல்முனையைப் பார்த்திருப்பீர்கள். பார்த்த கணமே துப்பாக்கி நின்றுவிடும். கண் தட்டின் முன்விளிம்பிலேயே இருக்கட்டும்; விசையை அழுத்திய பிறகும் குழல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

நிற்கும்போது கூண்டைப் பார்த்து நிற்காதீர்கள். தட்டை உடைக்க நினைக்கும் இடத்தை நோக்கி இடுப்பைத் திருப்புங்கள், எடை முன்காலில். குழலைக் கூண்டிலிருந்து களத்தின் நடுக்கம்பம் வரையான தூரத்தில், கூண்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். கூண்டருகே வைத்தால் தட்டைத் துரத்த வேண்டியதாகும்.

கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையை விட்டு எழுந்தால் குண்டு மேலே போகும். உடைந்ததா என்று எட்டிப் பார்க்கும் ஆசைதான் காரணம்!