அலுமினிய அச்சில் வார்த்த தோட்டா சுருக்கத்தோடு வருவது ஏன்? உப்புத்தாள் போடலாமா?

உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அலுமினியம் மெத்தென்ற உலோகம், தேய்த்தால் ஈயம் ஊற்றும் குழியின் அளவு மாறிவிடும். கம்பி பிரஷும் அப்படித்தான்.

சுருக்கத்துக்குப் பெரும்பாலும் அச்சில் எண்ணெய் ஒட்டியிருப்பது அல்லது அச்சின் சூடு போதாததுதான் காரணம். புது அச்சில் ஆலையில் கடைந்தபோது விட்ட எண்ணெய் ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு, வெந்நீர், பழைய பல் பிரஷ் போதும். அப்புறம் ஈரம் சொட்டுக்கூட இல்லாமல் காய வையுங்கள். உருகிய ஈயம் 327 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும்; அதனடியில் துளி நீர் மாட்டினால் நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் தெறிக்க வைக்கும். காய்ந்த அச்சின் ஒரு மூலையை உருகிய ஈயத்தில் அரை நிமிடம் வைத்திருங்கள். ஈயம் ஒட்டாமல் வழுக்கினால் சூடு சரி.

அச்சு முகத்தில் ஈயம் படிந்திருந்தால் சூடாக இருக்கும்போதே மரக்குச்சியால் தள்ளுங்கள், எளிதாக வரும். மேல்தகட்டின் (ஈயம் ஊற்றும் துளையுள்ள தகடு) கீலுக்கும், அச்சின் இரு பாதிகளையும் பொருத்தும் ஊசிகளுக்கும் தேன்மெழுகு துளியூண்டு தடவலாம். அதிகமானால் குழிக்குள் ஊறி, பழையபடி சுருக்கம்தான்! (நான் இரண்டு முறை பட்டிருக்கிறேன்.)

அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் எஃகு மேல்தகடும் திருகுகளும் துருப்பிடிக்கும், ஈரமில்லாத பெட்டியில் வையுங்கள். ஈயம் பட்ட அச்சைச் சமையலறைத் தொட்டியில் மட்டும் கழுவாதீர்கள்.