டர்போ பூட்டி என்ஜின் போனது: கராஜ் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது லீசிங்கில் எடுத்த சுசூகி ஸ்விஃப்ட். இணையத்தில் தேடி, வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் ரூ. 185,000க்கு ஒரு மலிவு டர்போ கிட் எடுப்பித்தேன். தெஹிவளைப் பக்கம் ஒரு கராஜில் ரூ. 90,000 கொடுத்துப் பூட்டினேன். இரண்டாம் நாளே நீலப் புகை வந்தது. போய்க் கேட்டதற்கு, ‘ஓட ஓடச் சரியாகும்’ என்றார்கள். மூன்றாவது வாரம் தெற்கு அதிவேக வீதியில் என்ஜின் நின்றுவிட்டது. ரீகண்டிஷன் என்ஜினுக்கு நாலரை இலட்சம் கேட்கிறார்கள். கராஜ்காரர் ஆட்கள் முன்னால் என்னை அவமானப்படுத்தி அனுப்பினார். வீட்டிலும் நிம்மதி இல்லை. முழுப் பணத்தையும் மன உளைச்சலுக்கான நட்டஈட்டையும் கேட்டு வழக்குப் போடலாமா? என்ஜினை வேறு கராஜில் கழற்றிக் காட்டலாமா? சம்ப் (என்ஜினின் அடியில் உள்ள ஒயில் தொட்டி) கல்லில் அடிபட்டதாகச் சொல்லி இன்சூரன்ஸ் எடுக்கும்படி ஒரு நண்பர் சொல்கிறார். வட்ஸ்அப் உரையாடலையும் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, கராஜ்காரர் பேசிய பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஒப்பந்தத்தை மீறியதற்கான வழக்கில் மன உளைச்சலுக்குப் பணம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். கிட் அனுப்பிய வெளிநாட்டு விற்பனையாளரையும் மறந்துவிடுங்கள். அவரைத் துரத்தும் செலவு கிட்டின் விலையைத் தாண்டிவிடும்.

நீதிபதி கேட்கப்போவது ஒன்றைத்தான்: என்ஜின் எதனால் உடைந்தது, அந்தக் காரணம் யாருடைய கையில் இருந்தது?

கிட்டைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். பொருள் தேவைக்குப் பொருந்தவில்லை என்ற வாதத்துக்கு 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் விற்றவரின் அறிவை நம்பி வாங்கியவருக்குத்தான் அது உதவும். கராஜ் உங்களுக்கு எதையும் விற்கவில்லை, பூட்டிக் கொடுத்தது. ஆகவே கிட் மட்டமானது என்ற குற்றச்சாட்டை அவர்கள் மேல் சுமத்த முடியாது. மிஞ்சுவது வேலையின் தரம் மட்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும். உங்களுக்குக் கிடைத்திருக்கும் பிடி அதுதான்.

இனி நீங்கள் அனுப்பிய வட்ஸ்அப்பைப் பார்ப்போம். கராஜ்காரர் பொறுப்பேற்றதற்குச் சான்றாக அதை அனுப்பியிருக்கிறீர்கள். நான்காவது படத்தில் அவர் எழுதியிருப்பது: ‘டியூன் பண்ணாம பூஸ்ட் ஏத்தாதீங்க, அதுக்கு இன்னும் 70 ஆகும்.’ பூஸ்ட் என்பது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், டியூன் என்பது அதற்கேற்ப எரிபொருளைச் சரிசெய்வது, 70 என்றது எழுபதாயிரம் ரூபாயை. நீங்கள் எழுதிய பதில்: ‘அது அடுத்த மாசம் பாப்பம், இப்ப பூட்டி விடுங்க.’ பத்து நாள் கழித்து, பூஸ்ட் கன்ட்ரோலரை எந்தப் பக்கம் திருப்பினால் கூடும் என்று நீங்களே கேட்டிருக்கிறீர்கள். டர்போ கூடுதல் காற்றைத் தள்ளும்போது அதற்கேற்ற எரிபொருள் போகாவிட்டால் கலவையில் எரிபொருள் குறைந்துவிடும், நொக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) வரும், கடைசியில் பிஸ்டன் உடையும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு அந்த இரண்டு வரியும் போதும்.

அதற்காக உங்கள் பக்கம் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நீங்கள் பெரிதாக எடுக்காத ஒரு படம் இருக்கிறது. டர்போவிலிருந்து சம்புக்கு ஒயில் திரும்பி வரும் குழாய் நடுவில் மடிந்து, சற்று மேல்நோக்கி வளைந்து நிற்கிறது. அந்த ஒயில் தானாகக் கீழே வடிய வேண்டும். வடிய வழியில்லாவிட்டால் ஒயிலைத் தடுக்கும் ‘சீல்’ வளையத்தைத் தாண்டிக் காற்றுப் பாதைக்குள் போகும். நீலப் புகைக்கு இதுவே காரணமாக இருக்கலாம். பெற்றோலோடு ஒயில் சேர்ந்து எரிந்தால் நொக்கிங் இன்னும் எளிதாக வரும் என்பதையும் ஒரு நிபுணர் சொல்வார். இரண்டாம் நாளே நீங்கள் காரைக் கொண்டுபோய்க் காட்டியும் அவர்கள் பொனட்டைத் திறந்து பார்க்கவில்லை. உங்கள் வழக்கின் உயிர் அந்தக் குழாயில் இருக்கிறது.

ஆகவே என்ஜினைத் திறக்காதீர்கள். இப்படி வருபவர்களில் பெரும்பாலானோர் தோற்பது இந்த இடத்தில்தான். ஆத்திரத்தில் காரை இன்னொரு கராஜுக்கு இழுத்துப் போவார்கள். அங்கே ஒரு பாஸ் (மெக்கானிக்) என்ஜினின் ஹெட்டைக் கழற்றி, உடைந்த பிஸ்டனைக் கையில் கொடுத்து, ‘இது பூட்டினவன் பிழை’ என்பார். அதைப் படம் பிடித்துக்கொண்டு புதுக்கடை நீதிமன்றத்துக்கு வருவார்கள். ஆறு மாதம் கழித்து மறுபக்கம் கேட்கும்: ‘கழற்றும்போது நாங்கள் இருந்தோமா? குழாயை மடித்தது உங்கள் பாஸ் இல்லை என்று எப்படித் தெரியும்?’ அதற்குப் பதில் இருக்காது. பழைய பாகங்களும் அதற்குள் பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளுக்குப் போயிருக்கும்.

காரை இப்போது இருக்கும்படியே விடுங்கள். சுயாதீனமான ஒரு வாகனப் பொறியியலாளரைப் பிடியுங்கள். இன்ன நாள், இன்ன இடத்தில் என்ஜின் திறக்கப்படும், வந்து பாருங்கள் என்று கராஜ்காரருக்குப் பதிவுத் தபாலில் ஒரு வாரம் முன்னதாக அறிவியுங்கள். வந்தால் இருவர் முன்னிலையிலும் திறக்கலாம். வராவிட்டால் அந்தக் கடிதமே உங்களுக்குச் சாட்சி. வட்ஸ்அப்பில் ஒரு வரியும் அழிக்கக் கூடாது. உங்களுக்குப் பாதகமான வரிகள் அவருடைய போனிலும் இருக்கின்றன.

அடுத்தது அந்த நண்பரின் யோசனை. அதைக் கையாலும் தொடாதீர்கள். கல்லில் அடிபட்டதாகப் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தால், இன்று வெறும் பண நட்டமாக இருப்பது நாளைக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் ஏமாற்றுதல் என்ற குற்றமாகிவிடும். மதிப்பீட்டாளர் பொனட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் படப்போவது டர்போதான். டர்போ பூட்டியதை அறிவிக்காததால், உண்மையான விபத்து ஒன்று நடந்திருந்தாலும் காருக்கான கோரிக்கையை அவர்கள் மறுக்க முயல்வார்கள். இயந்திரக் கோளாறு சாதாரண மோட்டார்க் காப்புறுதிக்குள் வருவதும் இல்லை.

லீசிங்கையும் மறக்க வேண்டாம். வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளராகப் பதிவாகியிருப்பது லீசிங் நிறுவனம். எழுத்துமூல அனுமதி இல்லாமல் மாற்றம் செய்யக் கூடாது என்ற வாசகம் இத்தகைய ஒப்பந்தங்களில் வழமையாக இருக்கும், உங்களுடையதை எடுத்து வாசித்துப் பாருங்கள். நீங்கள் வழக்குப் போட்டால் வழக்குரையின் முதல் பந்தியிலேயே ‘நான் டர்போ பூட்டினேன்’ என்று எழுத வேண்டி வரும். கராஜ்காரரின் சட்டத்தரணி கெட்டிக்காரர் என்றால் அதன் பிரதி லீசிங் நிறுவனத்தின் மேசைக்குப் போகும். கராஜிடம் பணம் கேட்கப் போய், காரையே இழக்கும் நிலை வரலாம். தவணையை நிறுத்தி வைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் விடுங்கள். கராஜோடு உள்ள பிணக்கு லீசிங்குக்குச் சாட்டு ஆகாது.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசமாகப் போங்கள். பொறியியலாளரின் அறிக்கை குழாயைக் குறை சொன்னால், அதை வைத்துக்கொண்டு நம்பிக்கையான ஒருவரோடு போய்ப் பேசுங்கள். பூட்டுகூலி ரூ. 90,000ஐத் திருப்பித் தரட்டும், புது என்ஜினைக் கூலி இல்லாமல் ஏற்றித் தரட்டும். என்ஜினின் விலை உங்களுடையது. இதற்கு மேல் கிடைத்தால் நல்லது. இதற்காகவே வழக்குக்குப் போனால், பொறியியலாளர் சாட்சி சொல்ல வரும் நாட்களுக்கே அந்தத் தொகை போய்விடும். நேரில் பேசிச் சரிவராவிட்டால் மத்தியஸ்த சபையில் பேசலாம். எங்கே முடித்தாலும் எழுத்தில் முடியுங்கள், இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ‘சரி மச்சான், செய்து தாறேன்’ என்ற வாக்கை நம்பி காரை அவர் கராஜில் கொண்டுபோய் விடாதீர்கள். புது என்ஜின் டர்போ இல்லாமலே ஏறட்டும். பிறகும் டர்போ வேண்டுமென்றால், லீசிங் நிறுவனத்தின் அனுமதியும் காப்புறுதி நிறுவனத்தின் சம்மதமும் எழுத்தில் வந்த பிறகு யோசியுங்கள்.

காலக்கெடு பற்றி ஒன்று. எழுதாத ஒப்பந்தத்தின் மேல் வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறது, அவசரம் இல்லை. ஆனால் நுகர்வோர் அதிகார சபைக்கான முறைப்பாடு சேவை வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். நீங்கள் பணம் கட்டிய பற்றுச்சீட்டின்படி இரண்டு மாதம் ஏற்கெனவே கழிந்துவிட்டது. பொறியியலாளரை இந்த வாரமே கூப்பிடுங்கள்.