மாமனார் ஒரு வாரம் செத்தார்

கேள்வி: நானும் என் மாமியாரும் சேர்ந்து பார்க்கிற சீரியலில் இருந்த ஒரே நல்ல மனிதர் அந்த வீட்டு மாமனார்தான். போன மாதம் அவரையும் சாகடித்துவிட்டார்கள். ஒரு வாரம் முழுக்க அழுகை. குடும்ப உறவுகளை இவ்வளவு மோசமாகக் காட்டும் தொடர்களுக்குத் தணிக்கை வேண்டாமா? (பெயர், ஊர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: தணிக்கையை முதலில் முடித்துவிடுகிறேன். சினிமாவுக்குத்தான் முன்கூட்டியே சான்றிதழ். சீரியலுக்கு அது கிடையாது, கேபிள் டி.வி. விதிகளில் உள்ள நிகழ்ச்சி நெறிமுறையோடு சரி. யாராவது புகார் கொடுத்தால் பிறகு பார்ப்பார்கள். எனக்கு ஆர்வமெல்லாம் உங்கள் 'ஒரு வாரம்' மேல். ஒரு மனிதர் சாக ஒரு வாரமா என்று நீங்கள் அலுத்துக்கொள்கிறீர்கள். சீரியல் கணக்கில் அது அவசர கதி.

திங்கட்கிழமை அவர் நெஞ்சைப் பிடிக்கிறார். பிடித்த கையை மூன்று கோணத்தில் காட்டுகிறார்கள். மூத்த மருமகள் திரும்புகிறாள். இளைய மருமகள் திரும்புகிறாள். சம்பந்தி திரும்புகிறார். அவர் அன்றைக்கு அந்த வீட்டுக்கு எதற்கு வந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை; திரும்புவதற்குத்தான் வந்திருப்பார். தொடரும். செவ்வாய்க்கிழமை கீழே விழுகிறார். நேற்று ராத்திரி சாய்ந்தவர் இன்று ராத்திரிதான் தரையைத் தொடுகிறார் என்றால், இடைப்பட்ட நேரம் அந்தரத்திலேயே இருந்திருக்கிறார். மார்கழி மாதத்து யோகிகளால்கூட முடியாத காரியம். புதன்கிழமை ஆஸ்பத்திரி. ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு, "நான் இத்தனை வருஷமா மறைச்ச அந்த உண்மை என்னன்னா..." என்கிறார். வியாழக்கிழமை, "என்னன்னா..." என்கிறார். வெள்ளிக்கிழமை டாக்டர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றுகிறார். துக்கச் செய்தி சொல்லக் கண்ணாடியைக் கழற்றுகிற டாக்டரை நான் நிஜத்தில் பார்த்ததே இல்லை. கழற்றினால் எதிரில் நிற்பது மகனா வார்டு பாயா என்று அவருக்கு எப்படித் தெரியும்? சனிக்கிழமை ஹாலில் படம், மாலை, மினுக்கும் விளக்கு. அந்தப் படத்தை எப்போது எடுத்தார்கள், எப்போது சட்டம் போட்டார்கள் என்று கேட்காதீர்கள். சீரியல் வீடுகளில் எல்லாருக்கும் ஒரு படம் தயாராகவே இருக்கும்போல.

மாலை போட்டதால் மாமனார் கதை முடிந்தது என்றும் நம்பாதீர்கள். உடலைக் காட்டினார்களா என்று யோசித்துப் பாருங்கள். கார் பள்ளத்தில் உருண்டு, 'உடல் கிடைக்கவில்லை' என்றால், ஆள் வேறு ஒரு தொடருக்குத் தேதி கொடுத்திருக்கிறார். அது முடிந்ததும் வருவார். 2000-ஆம் ஆண்டு தொடங்கிய 'க்யோங்கி சாஸ் பி கபி பஹு தி' என்ற இந்தித் தொடரில் கதாநாயகன் மிஹிர் இறந்தபோது நேயர்கள் கொதித்துப்போனார்கள். மிஹிர் எழுந்து வந்துவிட்டார். அதற்கப்புறம் நடிகர்கள் மாறி அவருக்கு இரண்டு முறை முகமே மாறியது, அது தனிக் கதை. அமெரிக்காவின் 'டல்லாஸ்' தொடரில் 1985-இல் செத்த பாபி என்ற பாத்திரம், 1986-இல் குளியலறையில் சோப்பு நுரையோடு நின்றார். நடுவில் ஓடிய ஒரு வருடக் கதை முழுக்க மனைவி கண்ட கனவு என்றுவிட்டார்கள். நம் ஊர் இயக்குநர்களை இனி அவசரப்பட்டுத் திட்ட மாட்டேன்.

உங்கள் மாமனார் மாரடைப்பில் சாகவில்லை அம்மா. சம்பளத் தகராறில் செத்திருப்பார், அல்லது கால்ஷீட் இல்லாமல் செத்திருப்பார், அல்லது டி.ஆர்.பி. இறங்கியதால் செத்திருப்பார். இதன் மறுபக்கத்தையும் பார்த்தோம். 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக ஊரையே கட்டிப்போட்ட மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி டப்பிங் பேசப் போன இடத்தில் நெஞ்சு வலி வந்து நிஜமாகவே இறந்துபோனார். குணசேகரன் சாகவில்லை. கொஞ்ச நாளில் அந்த நாற்காலியில் வேல ராமமூர்த்தி உட்கார்ந்தார். அவரும் நல்ல நடிகர்தான், எழுத்தாளரும்கூட. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நடிகர் போனால் பாத்திரம் பிழைக்கிறது, நடிகர் சண்டை போட்டால் பாத்திரம் சாகிறது. இந்தக் கணக்கில் குடும்ப உறவு எங்கே வருகிறது?

வராது. அதனால்தான் சீரியல் சாவுக்கு மறுநாள் என்று ஒன்று இல்லை. பதினாறாம் நாளுக்குள் வில்லி அடுத்த விஷத்தைக் கலக்கப் போய்விடுகிறாள். உறவுகளை மோசமாகக் காட்டுகிறார்கள் என்கிறீர்கள். என் புகார் வேறு: காட்டுவதே இல்லை. நிஜ வீட்டில் சாவுக்கு அப்புறம்தான் யார் யார் எப்படி என்று தெரியவரும். 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். யார் போகிறார்கள்? வாரிசுச் சான்றிதழுக்கு யார் அலைகிறார்கள்? கரன்ட் கனெக்‌ஷன் அவர் பெயரில், கேஸ் அவர் பெயரில், பேங்க் கணக்கு அவர் பெயரில். ஓ.டி.பி. வேறு அவர் போனுக்குத்தான் வரும். அந்தப் போனின் பூட்டைத் திறக்கும் நம்பர் நாலு பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியாமல், வாரம் ஒருமுறை வந்து காய்ச்சல் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன மருமகனுக்குத் தெரிந்திருக்கும். அந்த நிமிஷம் கூடத்தில் நிற்கிற நாலு பிள்ளைகளின் முகத்தைக் காட்டட்டுமே, நானே மூன்று கோணம் கேட்பேன்.

மாமியார் மருமகள் சண்டையைப் பற்றி எழுதாமல் இந்தப் பக்கம் நிறையாது, அதனால் ஒரு சட்ட விஷயம். இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லாருக்கும் சம பங்கு. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. மகனை இழந்த தாயையும் புருஷனை இழந்த மருமகளையும் சட்டம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், ஒரே உயரத்தில் உட்கார வைத்திருக்கிறது. அப்பாவுக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. அவர் இரண்டாம் வகுப்பு வாரிசு, முதல் வரிசையில் ஒருவரும் இல்லாவிட்டால்தான் அவருக்கு முறை. சீரியல் முழுக்க மீசையை முறுக்கிக்கொண்டு "இந்த வீட்ல எல்லாம் என் முடிவுதான்" என்று உறுமுகிறாரே, அவர்தான். இத்தனை ஆயிரம் எபிசோடு ஓட்டுகிறவர்களுக்கு இதில் ஒரு கதை தோன்றவில்லையா?

தோன்றாது, ஏனென்றால் அவர்களுக்குச் சொத்து என்றால் கட்டைவிரல் ரேகைதான். ராத்திரி ரெண்டு மணி. மயங்கிக் கிடக்கிற பெரியவர். வில்லி ஸ்டாம்ப் பேப்பரோடு உள்ளே வந்து, மையில் விரலைத் தோய்த்து, உயிலில் அழுத்துகிறாள். இடி இடிக்கிறது. சொத்து மாறிவிட்டது! இதைப் பற்றி இதே பக்கத்தில் முன்பே எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன். உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பரே தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும். பதிவு செய்வதும் கட்டாயமில்லை. ஆனால் எழுதுகிறவர் சுயநினைவோடு இருக்க வேண்டும், ரெண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ராத்திரி ரெண்டு மணிக்கு சாட்சிகள் எங்கே என்றுதான் கேட்டேன். ஒரு சீரியல் வசனகர்த்தா, பழைய சிநேகிதர், கோபித்துக்கொண்டு நாலு பக்கம் கடிதம் எழுதினார். மூன்றரை பக்கம் என் பத்திரிகையின் விற்பனையைப் பற்றியது. கடைசி அரைப் பக்கத்தில் பதில் இருந்தது: "சாட்சி வைத்தால் அவர்களுக்கும் பேட்டா கொடுக்க வேண்டும்."

நேர்மையான பதில். அதற்கப்புறம் பேச்சுவார்த்தை நின்றுபோனது. பெரியவர்களோ விரல் வைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

உங்கள் மாமனார் உண்மையைச் சொல்லாமலே போய்விட்டாரே என்று கவலைப்பட வேண்டாம். அந்த உண்மை டைரியில் இருக்கும், டைரி பீரோவில் இருக்கும், பீரோ சாவி வில்லியின் இடுப்பில் இருக்கும். ரெண்டு சீரியலைச் சேர்த்து ஓட்டுவார்களே, அந்தத் தீபாவளி மகாசங்கமத்தில் சொல்லிவிடுவார்கள். மாமியாரிடம் இதை இப்போதே சொல்லிவிடாதீர்கள், பாவம். வசனகர்த்தா சிநேகிதர் இதையும் படித்துவிட்டு மறுபடி நாலு பக்கம் எழுதுவார். எழுதட்டும், முழுசாகப் போடுகிறேன். ஒரே நிபந்தனை: அடியில் ரெண்டு சாட்சி கையெழுத்து வேண்டும். பேட்டா நான் தருகிறேன்.